கூட்டணுமா, கழிக்கணுமா?

கேள்வி: டீச்சர், என் மகன் மூணாம் வகுப்பு. வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வார்த்தைக் கணக்கு என்றால் மட்டும் "கூட்டணுமா, கழிக்கணுமா?" என்று என் முகத்தைப் பார்க்கிறான். 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

பதில்: முதலில் அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், அது தப்பு. இதைக் கொடுத்துப் பாருங்கள்: "ராணி தம்பிக்கு 8 புளியங்கொட்டை கொடுத்தாள். மீதி 15 இருக்கிறது. முதலில் எத்தனை வைத்திருந்தாள்?" 'கொடுத்தாள்' இருக்கிறது, 'மீதி' இருக்கிறது. செய்ய வேண்டியதோ கூட்டல், விடை 23. சுவரை நம்புகிற பிள்ளை 7 என்று எழுதும்.

எண்களை விட்டுவிட்டுக் கணக்கைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். "கொஞ்சம் வைத்திருந்தாள், கொஞ்சம் கொடுத்தாள், கொஞ்சம் மிச்சம்." இதில் எது முழுசு, எது துண்டு? துண்டுகள் தெரிந்து முழுசு தெரியவில்லை என்றால் கூட்டல். முழுசும் ஒரு துண்டும் தெரிந்தால் கழித்தல். பேனாவை எடுக்கும் முன்பே அவன் வாயால் இது வர வேண்டும்.

கேள்வி: 'விட அதிகம்' என்று பார்த்ததும் என் மகள் கூட்டிவிடுகிறாள், டீச்சர்.

பதில்: "கண்ணனிடம் 12 ரூபாய். அது மாலாவிடம் இருப்பதைவிட 5 ரூபாய் அதிகம்." யாரிடம் கூடுதல் என்று மட்டும் முதலில் கேளுங்கள். கண்ணனுக்கு நீளமாக ஒரு பட்டை, மாலாவுக்குக் குட்டையாக ஒன்று வரையட்டும். மாலாவிடம் 7 என்பது கண்ணிலேயே தெரியும். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் 1980களிலிருந்தே இப்படிப் பட்டை வரைந்து சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கேள்வி: பெருக்கல், வகுத்தல்?

பதில்: சமமான கூறுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 6 தட்டு, தட்டுக்கு 4 இட்லி என்றால் பெருக்கல். 24 இட்லியை 6 பேருக்குப் பங்கு வைத்தால் வகுத்தல். இது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். தட்டுக்கு 4 வீதம் 24 இட்லிக்கு எத்தனை தட்டு என்பதும் வகுத்தல்தான், ஆனால் அவர்களுக்கு அப்படித் தோன்றாது. நாலு நாலாக எடுத்துவைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை. எந்தக் கணக்கு என்று பிள்ளைகள் சரியாகப் பிடித்தும் விடை தப்பாகிறதே?

பதில்: 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தேசிய அளவில் நடந்த தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: 1128 படைவீரர்கள், ஒரு பேருந்துக்கு 36 பேர், எத்தனை பேருந்து வேண்டும்? 100க்கு 70 பேர்போல வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். 32 என்று எழுதியவர்கள் 23 பேர்தான். 29 பேர் '31, மீதி 12' என்று நிறுத்திவிட்டார்கள். அந்த 12 பேரை யார் ஏற்றிக்கொண்டு போவது? அதனால்தான் விடையை முழு வாக்கியமாக எழுதச் சொல்கிறேன். "31 மீதி 12 பேருந்துகள் வேண்டும்" என்று எழுதும்போதே பிள்ளைக்கு இடிக்கும்.