அம்மாவின் முகத்தை மட்டும் வரைய முடியவில்லை

அன்புள்ள மேடம்,

குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்களுக்கு ஓவியம் வரைவது என் தொழில். 11 வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். வீட்டில் இருக்கும் சின்ன அறைதான் என் ஆபீஸ். கணவர் வெளியே வேலைக்குப் போகிறார். எங்களுக்கு 6 வயதில் ஒரு மகள்.

“உங்க பொண்ணு கொடுத்துவச்சவ, அம்மாவே படம் போட்டுக் கதை சொல்வீங்க” என்று பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். கேட்கும்போது எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கும். டெட்லைன் நெருங்கும் மாதங்களில் என் மகளிடம் நான் அதிகம் பேசும் வாக்கியம், “இதோ, அஞ்சு நிமிஷம்”. அந்த அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரம் ஆகும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒன்று நடந்தது. மறுநாள் அனுப்ப வேண்டிய ஃபைனல் படம், வாட்டர்கலர், மேஜையில் காய்ந்துகொண்டிருந்தது. நான் ஒரு ஃபோன் பேசிவிட்டு வருவதற்குள் மகள் என் பிரஷ்ஷை எடுத்து அதன் வானத்தில் பெரிதாக ஒரு சிவப்புப் பறவையை வரைந்துவிட்டாள். “வானம் காலியா இருந்துச்சும்மா” என்றாள். நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. கையைப் பிடித்து வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து அந்தப் படத்தை மறுபடி வரைந்து அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து அவள் என் அறை வாசலிலேயே நின்றுவிடுகிறாள். வீட்டில் படம் வரைவதையும் நிறுத்திவிட்டாள். போன வாரம் பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா சிரிக்கிறார், அவள் சிரிக்கிறாள். நான் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலி, என் கொண்டை, மேஜை விளக்கு எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றன. முகம் மட்டும் இல்லை.

கணவர் நல்லவர்தான். ஆனால், “நீ வீட்லதானே இருக்கே? ஜன்னலைப் பார்த்துட்டு சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துல அவளோட விளையாடியிருக்கலாமே” என்கிறார். நான் சும்மா உட்காரவில்லை, அடுத்த பக்கத்தை யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிப் புரியவைப்பது?

இப்போது வரைந்துகொண்டிருப்பது ஒரு அம்மாவும் மகளும் வரும் கதை. 18, 19ஆம் பக்கங்களில் அம்மா திரும்பி மகளைப் பார்க்க வேண்டும். நான்கு தடவை திரும்பி வந்துவிட்டது. “முகம் அழகா இருக்கு, ஆனா அவ குழந்தையைப் பார்க்கல” என்று எடிட்டர் எழுதியிருந்தார். படித்துவிட்டு அழுதேன். தூக்கம் குறைந்துவிட்டது. கைமணிக்கட்டு வலிக்கிறது. யார் யாரோ பெற்ற குழந்தைகளுக்கு வரைந்து வரைந்து என் குழந்தையைத் தொலைத்துக்கொண்டிருக்கிறேனா? இந்த வேலையை விட்டுவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையை விடுவதைப் பற்றி இந்த மாதம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். தூக்கமும் இல்லாமல், குற்ற உணர்ச்சியோடு, அனுப்பிய படமும் நான்கு முறை திரும்பி வந்திருக்கும் நேரத்தில் எடுக்கும் முடிவு உங்களுடையதாக இருக்காது. உங்கள் களைப்புதான் அதை எடுத்திருக்கும்.

முதலில் மகளின் படத்தைப் பற்றிப் பேசுவோம். ஒரே ஒரு படத்தை வைத்துக் குழந்தையின் மனதைக் கண்டுபிடித்துவிட முடியாது. நானும் அப்படிச் செய்ய மாட்டேன். இன்னொன்று, ஓவியராக உங்களுக்கே தெரிந்தது. இந்த வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் எல்லாரையும் முன்பக்கமாகத்தான் வரைவார்கள். முகம்தான் அவர்களுக்கு ஆள். உங்கள் மகளோ கொண்டையையும் விளக்கையும் நாற்காலியையும் சரியாகப் போட்டிருக்கிறாள். எவ்வளவு நேரம், எவ்வளவு கவனமாக உங்களைப் பார்த்திருக்க வேண்டும்! அதில் வருத்தம் இருக்கலாம், ஆசையும் இருக்கலாம், இரண்டும் இல்லாமல் வாசலில் நின்று பார்த்ததை அப்படியே வரைந்தும் இருக்கலாம். அவளிடமே கேளுங்கள். “அம்மா ஏன் திரும்பி உட்கார்ந்திருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைப்பாள். “இந்தப் படத்தைப் பத்திச் சொல்லேன்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அவள் பேச ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆகலாம்.

அடுத்தது அந்தச் சிவப்புப் பறவை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இதுதான். நீங்கள் கத்தியது கடுமைதான், அதை மென்று விழுங்க வேண்டாம். ஆனால் அவளைவிட உங்களுக்குள்தான் அது ஆழமாகத் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர், தாயும் கைக்குழந்தையும் முகம் பார்த்து விளையாடுவதைப் படமெடுத்து நொடி நொடியாக ஆராய்ந்தார். நல்ல உறவில் இருக்கும் தாய் சேய்களிடம்கூட இருவரும் ஒத்துப்போகும் நேரம் பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது. மற்ற நேரமெல்லாம் தவறவிடுவதும் மறுபடி வந்து சேர்வதும்தான். அப்படி வந்து சேரும்போதுதான் குழந்தைக்கு நம்பிக்கை பிடிபடுகிறது. உங்கள் வீட்டில் தவறவிட்டது நடந்துவிட்டது, வந்து சேர்வது மட்டும் இரண்டு மாதமாக நடக்கவில்லை. அவளிடம் இதுவரை மன்னிப்புக் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. படத்தைத் திருத்திவிட்டீர்கள், அவளிடம் இன்னும் போகவில்லை.

போங்கள். சின்னதாகச் சொன்னால் போதும்: “அன்னைக்கு அம்மா ரொம்பக் கத்திட்டேன். உன்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. நீ பயந்திருப்பே.” இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘ஆனா நீயும்’ என்று ஆரம்பிக்க வேண்டாம், அழுது அவளை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்கவும் வேண்டாம். முடித்த படத்தில் கை வைக்கக் கூடாது என்ற விதியை வேறொரு நாளில் நிதானமாகச் சொல்லலாம்.

அப்புறம் அந்த ‘அஞ்சு நிமிஷம்’. கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வதைவிட இதுதான் குழந்தையை அதிகம் நோகடிக்கும் என்பது என் கருத்து. 6 வயதுக் குழந்தைக்கு நிமிஷம் என்பது வெறும் சொல். ஆனால், “இந்தக் குடைக்கு நீலம் அடிச்சு முடிச்சதும் வர்றேன்” என்றால் அவளுக்குப் புரியும். குடை கண்ணுக்குத் தெரிகிறது. குடை முடிந்ததும் நிஜமாகவே பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு வாரம் தவறாமல் செய்தால் அவள் காத்திருக்கப் பழகுவாள். இதில் நீங்கள் ஏமாற்றினால் நான் சொன்ன வேறெதுவும் பலிக்காது.

உங்கள் வேலையை மணிக்கணக்கில் மட்டும் பிரிக்காமல் கவனத்தின் கணக்கிலும் பிரித்துப் பாருங்கள். சின்னச் சின்னக் கட்டங்களில் பக்கங்களை யோசிப்பது, ரஃப், அதாவது முதல் பென்சில் வரைவு, போடுவது, பாத்திரத்தின் முகம் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஆளாக இருக்கிறதா என்று சரிபார்ப்பது, இதற்கெல்லாம் தனிமை வேண்டும். அந்த நேரத்தில் கதவு சாத்தியிருக்கட்டும், அதற்காகக் கூச வேண்டாம். ஆனால் புல்லுக்குப் பச்சை அடிக்கும்போதும், தாளை வெட்டி ஒட்டும்போதும், பழைய ரஃப்களை அடுக்கும்போதும் பக்கத்தில் ஒரு குழந்தை இருக்கலாம். அவளுக்குத் தனியாக ஒரு சின்ன மேஜையும், கெட்டால் பரவாயில்லை என்ற தாள்களும் கொடுங்கள். குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1958இல் வெளியான கட்டுரை ஒன்றில், தனியாக இருக்கும் திறனைக் குழந்தை கற்றுக்கொள்வது நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் என்று விளக்கினார். நீங்கள் அவளோடு விளையாட வேண்டும் என்றுகூட இல்லை. அவள் அவளுடைய வேலையில், நீங்கள் உங்களுடைய வேலையில், ஒரே அறையில். அதுவே குழந்தைக்குப் பெரிய விஷயம்.

அவளை மறுபடி வரைய வைக்கவும் வின்னிகாட்டிடமே ஒரு வழி இருக்கிறது. குழந்தைகளோடு பேச அவர் ஒரு கோட்டு விளையாட்டை வைத்திருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கியதுபோல ஒரு கோடு போடுவார், குழந்தை அதை ஏதாவது ஒன்றாக மாற்றும். அடுத்த கோடு குழந்தையுடையது, மாற்றுவது அவருடைய முறை. நீங்களும் விளையாடிப் பாருங்கள். ஒன்றே ஒன்று, உங்கள் கைத்திறமையைக் காட்டாதீர்கள். நீங்கள் ஒரு கோட்டை அழகான மானாக்கிவிட்டால் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். “கை இப்படி இருக்காது” என்று திருத்துவதும் கூடாது. தொழில் தெரிந்த பெற்றோருக்கு இது கஷ்டம் என்று தெரியும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கணவர். ‘சும்மா’ என்ற சொல் வலித்திருக்கும். ஆனால் யோசியுங்கள், உங்கள் வேலையில் அவர் பார்ப்பது என்ன? அச்சாகி வரும் 32 பக்கப் புத்தகம். உட்கார்ந்து படித்தால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் கட்டங்கள், டம்மி என்கிற மாதிரிப் புத்தகம், நிராகரித்த ரஃப்கள், திருத்தங்கள் எல்லாம் உங்கள் டிராயரில் பூட்டிக்கிடக்கின்றன. பார்க்காத வேலையை அவர் எப்படி மதிப்பார்? இதில் கொஞ்சம் உங்கள் பங்கும் இருக்கிறது. ஒரு பெரிய தாளில் 32 கட்டம் போட்டு, புத்தகம் முழுவதையும் சின்னச் சின்னப் படங்களாக வரைந்து அறைக் கதவின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தக் கட்டத்துக்கு மகள் நிறம் அடிக்கட்டும். அம்மா எங்கே இருக்கிறாள், இன்னும் எவ்வளவு தூரம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கதவு சாத்தியிருந்தாலும் அதில் பார்க்க ஏதோ இருக்கும். திரும்பி வந்த அந்த நான்கு படங்களையும் கணவரிடம் வரிசையாக வைத்துக் காட்டுங்கள். எதுவும் விளக்க வேண்டாம், அவரே பார்க்கட்டும். பணம் ரஃப் ஓகே ஆனதும் எவ்வளவு, ஃபைனல் கொடுத்ததும் எவ்வளவு, ராயல்டி எப்போது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு தெளிவாக ஒன்று கேளுங்கள்: “சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் அவ என்ன கேட்டாலும் நீங்கதான்.” ‘கொஞ்சம் உதவி பண்ணுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் எந்த வீட்டிலும் அது காற்றோடு போய்விடும்.

மணிக்கட்டு வலியைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் தொழிலே அந்தக் கையில்தான் இருக்கிறது. தூக்கமின்மையும் அழுகையும் இன்னும் இரண்டு வாரம் தொடர்ந்தால் கடிதத்தோடு நிற்காமல் ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள்.

அந்த 18, 19ஆம் பக்கம். உங்கள் எடிட்டர் நுணுக்கமாகப் பார்ப்பவர் என்று தோன்றுகிறது. நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. உங்களால் இப்போது முடியாத ஒரு பார்வையை, கையின் பழக்கத்தால் மட்டும் வரைந்துவிடப் பார்த்திருக்கிறீர்கள். ஐந்தாவது தடவை உடனே உட்காராதீர்கள். புத்தகத்தை வரிசையாகத்தான் முடிக்க வேண்டும் என்று இல்லையே? மற்ற பக்கங்களுக்குப் போங்கள். “இந்தப் பக்கத்தைக் கடைசியாகத் தருகிறேன், எனக்கு இரண்டு வாரம் வேண்டும்” என்று எடிட்டருக்கு இன்றைக்கே ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதிவிட்டு, மகள் வீட்டுக்கு வந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்