முட்டி ஆறியும் தாவத் தயக்கம்: கேள்வி பதில்

காயத்துக்குப் பின் வரும் பயம் குறித்து மொரீஷியஸ் வாலிபால் ஆட்டக்காரர்களும் வீட்டாரும் கேட்டவை. பதில் சொல்பவர் விளையாட்டுக் காயப் பிசியோ.

ரோஸ் ஹில் அட்டாக்கர்: அண்ணா, எதிராளி அடியைத் தடுக்க நெட்டருகே எழும்பி பிளாக் போட்டு இறங்கும்போது முட்டியில் ஏ.சி.எல். என்ற ஜவ்வு அறுந்தது. ஆபரேஷன் முடிந்து 10 மாதம். கால் பலம் சரியாம். ஆனால் பந்தை ஓங்கி அடிக்கும் ஸ்பைக்குக்கு எழும்பினால் பாதியிலேயே உடம்பு இறுகிவிடுகிறது. நான் கோழையா?

இல்லை தம்பி. அடிபட்டது இறங்கும்போது என்பதால் மூளை அந்த நொடியையே ஆபத்தாகக் குறித்து வைத்திருக்கிறது. 2014-ல் வெளியான பெரிய தொகுப்பாய்வில், இந்த ஆபரேஷனுக்குப் பின் பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் சுமார் 65 சதவீதம்தான். அடிபட்ட காலின் தொடைப் பலமும் ஒற்றைக்கால் தாவலும் நல்ல காலினுடையதில் 90 சதவீதத்தைத் தொட்டால் உடம்பு தேறியது எனலாம். மனம் தேறியதா என்று பார்க்க 12 கேள்விகள் கொண்ட ஏ.சி.எல்.-ஆர்.எஸ்.ஐ. படிவம் உண்டு, 0 முதல் 100 வரை மதிப்பெண். மாதம் ஒருமுறை நிரப்புங்கள். எந்தக் கேள்வியில் மதிப்பெண் சரிகிறதோ அங்கேதான் வேலை.

பயத்துக்கும் 0 முதல் 10 வரை எண் கொடுத்துப் படிப்படியாகப் போங்கள். முதலில் 20 செ.மீ. பெட்டியிலிருந்து இரண்டு காலில் இறங்குவது, பிறகு 30 செ.மீ. அடுத்து நெட் இல்லாமல் அப்ரோச் (ஓடிவந்து எழும்புவது), நெட்டருகே பந்தில்லாமல், கோச் எறியும் பந்து, செட்டர் தூக்கும் பந்து. எதிரே பிளாக்கர் நிற்பது கடைசி. ஒவ்வொன்றும் எட்டு முறை, மூன்று சுற்று. தொடர்ந்து இரண்டு நாள் பயம் மூன்றுக்குக் கீழே இருந்தால் அடுத்த படி. பயம் ஏழு, எட்டு என்று ஏறும்போது விட்டு ஓடினால் தப்பித்ததுதான் சரி என்று மூளை படித்துக்கொள்ளும்; ஒரு படி இறங்கி அங்கே நன்றாக முடியுங்கள். பயத்தோடு மேட்ச் ஆடுவதும் தவறு. இறுகிய உடம்பு முட்டியை மடக்காமல் தரையில் குத்தி நிற்கும், அந்தச் சுமை ஜவ்வுக்குப் போகும்.

குவாத்ர் போர்ன் பிளாக்கர்: மூன்று முறை கணுக்கால் பிசகியது. இப்போது கண் தரையையே பார்க்கிறது.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பாதத்தின் ஒரு பகுதி நடுக்கோட்டின் மேல் இருந்தால் எதிராளி கால் உங்கள் பக்கம் வருவது ஃபவுல் ஆகாது. அந்தக் காலின்மேல் இறங்கித்தான் பெரும்பாலும் பிசகுகிறது. ஆனால் குனிந்து பார்த்தால் பிளாக் தாமதமாகி, இறக்கமும் கோணலாகும். அடிப்பவர் தோளைப் பாருங்கள். இறங்கும்போது "மெத்து" என்ற ஒரே சொல்லை மனத்தில் சொல்லுங்கள். ஆட்டத்தில் கயிறு கட்டும் கணுக்கால் பிரேஸ் கட்டாயம். பயிற்சியில், கடைசி அடியை நெட்டுக்குள் நீட்ட வேண்டாம் என்று அட்டாக்கர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

போ பாசேன் தாயார்: மகளுக்கு அதே ஏ.சி.எல். ஆபரேஷன் முடிந்து 4 மாதம். தைப்பூசத்துக்குக் கோர் தெ கார்த் மலை முருகனுக்குக் காவடி நேர்ந்திருக்கிறோம். எடுக்காவிட்டால் மனம் உடைந்துவிடுவாள்.

அம்மா, இந்த ஆண்டு வேண்டாம் என்பதே என் எண்ணம். புதிதாக வைத்த ஜவ்வு நான்கு மாதத்தில் முதிர்ந்திருக்காது. நடந்து களைத்த காலோடு படி ஏறுவதைவிட இறங்குவது முட்டிக்குக் கடினம். டாக்டரிடம் அவளே கேட்கட்டும், முடிவையும் அவளே எடுக்கட்டும். பிறர் தடுத்தால்தான் மனம் உடையும். விரதம் இருக்கலாம், அண்ணனோ தம்பியோ எடுக்கும் காவடிக்குப் பூக்கட்டலாம். "பாவம், கால் போச்சு" என்று உறவினர் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அவளுக்கு மிகவும் வலிக்கும்.

வாக்வா லிபரோ (பின்வரிசையில் பந்து எடுப்பவர்): காயத்தால் ஆட முடியவில்லை. டீம் வாட்ஸாப் மெசேஜ் வந்தாலே எரிச்சல்.

வாரம் இரண்டு நாள் மட்டும் பயிற்சிக்குப் போய், சர்வீஸ் ரிசீவ் கணக்கு எழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். சும்மா பெஞ்சில் உட்கார்ந்தால் எரிச்சல் கூடும். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் டாக்டரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அன்றைக்கே, ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.