முள்ளுக்கும் ஆம்ப்புக்கும் பொருத்தம் பார்த்தீர்களா?

கே: இசைத்தட்டு ஓட்டும் புது டர்ன்டேபிளை ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபையர்) ஆக்ஸ் துளையில் சொருகினேன். வால்யூமை முழுக்க வைத்தாலும் கிசுகிசுவென்றுதான் கேட்கிறது. பேஸே இல்லை. ஆம்ப்பை மாற்றிவிடவா?
– வாசகர், மதுரை

ப: வேண்டாம். முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்குவது கார்ட்ரிட்ஜ். அதில் சாதாரண எம்.எம். (நகரும் காந்தம்) வகை தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆக்ஸுக்கு அதைப்போல நூறு மடங்காவது வேண்டும். போதாததற்கு, தட்டை வெட்டும்போதே பேஸைக் குறைத்து ட்ரெபிளைத் தூக்கித்தான் வெட்டுகிறார்கள். 1954-இல் வந்த, அமெரிக்க ரெக்கார்டு நிறுவனங்கள் சங்கத்தின் ஆர்.ஐ.ஏ.ஏ. முறை அது. இரண்டையும் நேர்செய்வது ஃபோனோ ப்ரீஆம்ப். கடைக்குப் போகுமுன் டர்ன்டேபிளின் பின்பக்கம் பாருங்கள். ‘ஃபோனோ/லைன்’ என்று சின்ன சுவிட்ச் இருந்தால் உள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது என்று பொருள்; லைனுக்குத் தள்ளுங்கள், காசு மிச்சம். இல்லையென்றால் எளிய எம்.எம். ப்ரீஆம்ப் ஒன்று போதும். ‘வால்வு’ (பழைய ரேடியோவில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்) வைத்தது என்று ஆசைகாட்டினால் மயங்காதீர்கள். என் பரணில் அப்படி ஒன்று கிடக்கிறது. வால்வு செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. திறந்து பார்த்தால் அடியில் எல்.இ.டி. பல்பு.

கே: டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது. ஆம்ப்பின் ஃபோனோவில் சொருகினால் கர்ணகடூரம்.
– கோவை

ப: ஆம்ப்பின் ஃபோனோ துளைக்குள்ளும் ஒரு ப்ரீஆம்ப் உண்டு. ஆக இரண்டு ப்ரீஆம்ப், ஒன்றன்மேல் ஒன்று. ஒன்றை அணையுங்கள். பெட்டிக்குள் கையேடு என்று ஒன்று வந்திருக்குமே.

கே: ‘எந்த ஆம்ப்புக்கும் செட் ஆகும்’ என்று வாட்ஸ்அப்பில் உறுதி சொல்லி எம்.சி. (நகரும் சுருள்) கார்ட்ரிட்ஜ் விற்றார்கள். என் ஆம்ப்பில் எம்.எம். மட்டும்தான். சத்தமே எழவில்லை, திருப்பி எடுக்கவும் மறுக்கிறார்கள்.
– சேலம்

ப: உங்கள் மேல் தப்பில்லை, கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். எம்.சி.க்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிவோல்ட்கூடத் தராது. பேர்போன டெனான் டிஎல்-103 தருவதே 0.3தான். எம்.எம். ஃபோனோ 40 டெசிபெல் அளவுக்குப் பெருக்கும், இதற்கு 60 வேண்டும். அதாவது இன்னும் பத்து மடங்கு. எம்.சி.க்கென்று ப்ரீஆம்போ, வோல்ட்டை ஏற்றும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ வாங்கலாம்தான், ஆனால் அந்தச் செலவு உங்கள் தலையில் ஏன்? பில்லும் அந்த மெசேஜும் பத்திரம். பணத்தை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். மசியாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. விடாதீர்கள்.

கே: ‘2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ ஆம்ப், ஃபோனோவோடு, சல்லிசாகக் கிடைத்தது. பாதி வால்யூமிலேயே சத்தம் கிழிகிறது.
– திருச்சி

ப: இந்த நாலெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கணநேர உச்ச சக்தி என்று சொல்லிக்கொள்ளும் பி.எம்.பி.ஓ.வை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. விற்பவர் வாயில் வருவதுதான் கணக்கு. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரும் சக்தி: எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு, இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது, எவ்வளவு டிஸ்டார்ஷனோடு (சத்தச் சிதைவு). இந்த மூன்றும் இல்லாத வாட்ஸ் வெறும் அட்டைப்பெட்டி அலங்காரம். அமெரிக்காவில் 1974-லேயே இதற்கு விதி போட்டுவிட்டார்கள். உங்கள் ஆம்ப்பின் முதுகில், கரண்ட் எத்தனை வாட்ஸ் இழுக்கும் என்று இருக்கும், படியுங்கள். 60 வாட்ஸ் இழுக்கிற பெட்டி 2000 வாட்ஸை எங்கிருந்து தொடர்ந்து கொடுக்கும்? வீட்டு ஹாலுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. 88 டெசிபெல் என்று போட்ட ஸ்பீக்கர், ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி அந்த 88-ஐத் தந்துவிடும்; பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்க அதுவே போதும். நேர்மையான 30 வாட்ஸ் வாங்குங்கள்.

கே: ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப். பிளக்கில் போட்டதும் புகை. விற்றவர் எச்சரிக்கவே இல்லை.
– சென்னை

ப: அங்கே 100 வோல்ட், இங்கே 230. முதுகிலேயே எழுதியிருக்கும். அவர் சொல்லவில்லை, சரி, நீங்கள் கேட்டீர்களா?

கே: பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது.
– நாகர்கோவில்

ப: டர்ன்டேபிளிலிருந்து தனியாக வரும் மெல்லிய ஒயரை ஆம்ப்பின் ‘கிரவுண்ட்’ திருகில் மாட்டுங்கள். இப்போது அது மேஜைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும்.