முன்பக்கத்தை எவ்வளவு தூக்கலாம்?

டெக்சாஸ் மாநிலம் கேட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் 2019 ஃபோர்டு எஃப்-150, நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ் வண்டி இருக்கிறது. 78,000 மைல் ஓடியிருக்கிறது. முன்பக்கம் தாழ்ந்து நிற்பது கண்ணை உறுத்துகிறதாம். அளந்து பார்த்ததில் பின் ஃபெண்டரைவிட (சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு) முன் ஃபெண்டர் 2.25 அங்குலம் குறைவு. ஆண்டுக்கு நாலைந்து முறை, 4,500 பவுண்டு எடையுள்ள கேம்பர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு கார்னர் ஸ்டேட் பார்க் பக்கம் போவார்கள். "2.5 அங்குல லெவலிங் கிட் வாங்கலாமா? விலை குறைந்த ஸ்பேசர் போதுமா, ஸ்ட்ரட்டையே மாற்ற வேண்டுமா? 33 அங்குல டயர் போட முடியுமா?" இவைதான் அவருடைய கேள்விகள். லெவலிங் கிட் என்பது முன்பக்கத்தைத் தூக்கி வண்டியை மட்டமாக்கும் பாகங்கள்; ஸ்பேசர் என்பது அதற்காக இடையில் வைக்கும் துண்டு.

முதல் கேள்விக்கு என் பதில்: வேண்டாம், 1.5 அங்குலத்தோடு நிறுத்துங்கள்.

பிக்கப்பின் மூக்கு தாழ்ந்திருப்பது குறை அல்ல. பின்னால் பாரம் ஏறும்போது லீஃப் ஸ்பிரிங் அமுங்கும், அப்போது வண்டி மட்டமாக வர வேண்டும் என்று கணக்குப் போட்டே அப்படிச் செய்கிறார்கள். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு ஹிட்ச் (வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் பாகம்) மேல் உட்காரும். உங்கள் கேம்பருக்கு அது 450 முதல் 675 பவுண்டு. இதோடு தண்ணீர் கேன், கூலர், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் பின்னால் உள்ள திறந்த பெட்டில் ஏறும். வெறும் வண்டியை முழு மட்டமாக்கிவிட்டால், அன்றைக்கு மூக்கு வானத்தைப் பார்க்கும். முன்சக்கரத்தின் மேல் எடை குறையும், ஸ்டீயரிங் லேசாகும், மழையில் பிடிப்பு போகும். அந்த வண்டியில் உங்கள் குடும்பம் உட்கார்ந்திருக்கும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். முக்கால் அங்குலம் தாழ்வாகவே விட்டுவையுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது மட்டமாகத்தான் தெரியும்.

அப்புறம், அளவை ஒருமுறை சரிபாருங்கள். வீட்டு கராஜ் தரை தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போடப்பட்டிருக்கும், அங்கே அளந்தால் கணக்கு தப்பும். மட்டமான இடத்தில், கதவோரத்து ஸ்டிக்கரில் சொன்ன காற்றழுத்தத்தோடு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துவிடும். இடதுக்கும் வலதுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிட்டை மறந்துவிட்டு முதலில் அதன் காரணத்தைத் தேடுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைப்பது சரி செய்ததாகாது.

இனி கிட் வகைகள். உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங்கும் அதன் குலுக்கலை அடக்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் இருக்கிறது. அதன் அடிப்பகுதி, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ் கண்ட்ரோல் ஆர்மில், சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். அதனால் ஸ்ட்ரட் ஒரு அங்குலம் கீழே நகர்ந்தால் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் இறங்கும். பலர் "2 அங்குல கிட் என்று வாங்கினேன், உள்ளே இருக்கும் துண்டு ஒரு அங்குலம்கூட இல்லையே" என்று பதறுவது இதனால்தான். ஏமாற்று எதுவும் இல்லை. ஆபத்து இதற்கு நேர் எதிரே இருக்கிறது: 2 அங்குலம் வேண்டும் என்று 2 அங்குலத் தடிமன் உள்ள துண்டைத் தேடிப் போட்டால் வண்டி நான்கு அங்குலம் எழும்பிவிடும்.

விலை மலிவானது, ஸ்ட்ரட்டின் தலைக்கும் சட்டத்துக்கும் இடையே வைக்கும் ஸ்பேசர். ஸ்பிரிங்கைப் பிரிக்க வேண்டியதில்லை, பாதி நாளில் வேலை முடியும், ஓட்டமும் ஏறக்குறைய பழையபடியே இருக்கும். ஆனால் ஸ்ட்ரட் முழுவதுமாகக் கீழே தள்ளப்படுவதால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது கம்பெனி நினைத்ததைவிடக் கீழே போகும். மேல் ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் பால் ஜாயிண்ட் எல்லைக்குப் போய் முட்டும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயிண்ட் வளைவு கூடும், பிரேக் ஹோஸ் இழுபடும். ஒருமுறை என்னிடம் வந்த ஒரு வண்டியில், முன்பே இருந்த ஸ்பேசரின் மேல் இன்னொன்றையும் அடுக்கியிருந்தார்கள். மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசி உரசிப் பெயிண்ட் போய்த் துரு பிடித்திருந்தது. சிவி ஜாயிண்ட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் ரிம்மெல்லாம் தெறித்திருந்தது. ஓட்டியவருக்கு "லேசா ஒரு சத்தம்" மட்டும்தான் கேட்டதாம். 1.5 அங்குலத்துக்குள் இந்தத் தொல்லைகள் பெரிதாக வராது. 2.5ஐத் தாண்டினால் மேல் கண்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை ஸ்பேசரை ஸ்ட்ரட்டுக்குள்ளேயே, ஸ்பிரிங்கின் மேல் வைப்பார்கள். இது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வண்டியைத் தூக்கும். ஸ்பிரிங்கின் விறைப்பு இதனால் மாறுவதில்லை. ஆனாலும் ஓட்டம் கடினமாகத் தோன்றும், ஏனென்றால் நின்ற நிலையிலேயே ஷாக் பாதிக்கு மேல் நீண்டுவிட்டது, கீழே இறங்க மிச்சம் கொஞ்சம்தான். சின்னப் பள்ளத்தில்கூட ஷாக் முழுசாக நீண்டு 'டக்' என்று முட்டும். பழைய ஷாக்கோடு இதைச் செய்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வகை: ஸ்பிரிங் உட்காரும் தட்டின் உயரத்தை மாற்றிவைக்கக்கூடிய ஷாக். பில்ஸ்டைன் 5100 இந்த வகைதான். உடலில் வரிசையாகப் பள்ளக்கோடுகள் இருக்கும், வேண்டிய உயரத்துக்கான கோட்டில் வளையத்தைப் பொருத்தி, பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டலாம். இதுவும் ஸ்பிரிங்கை அமுக்கித்தான் தூக்குகிறது, ஆனால் ஷாக்கின் நீளமும் தணிப்பும் அந்த உயரத்தை மனதில் வைத்தே அமைக்கப்பட்டிருக்கும். முக்கியமான காரணம் உங்கள் 78,000 மைல். கம்பெனி ஷாக் இதற்குள் களைத்திருக்கும். ஸ்பேசர் போட ஸ்ட்ரட்டை எப்படியும் கழற்றத்தான் வேண்டும். இன்றைக்குக் களைத்த ஷாக்கின் மேல் ஸ்பேசர் போட்டு, அடுத்த வருடம் ஷாக் மாற்ற மறுபடி கழற்றினால், கூலியும் அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செலவும் இரண்டு முறை ஆகும். 20,000 மைல் ஓடிய வண்டி என்றால் நல்ல அலுமினிய ஸ்பேசரே போதும் என்றிருப்பேன். முன்னால் மாற்றும்போது பின் ஷாக்கையும் பாருங்கள், எண்ணெய் கசிந்தால் அதுவும் சேர்ந்தே போகட்டும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே சொன்னது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. செவர்லே சில்வராடோ 2500 எச்டியில் முன்னால் காயில் ஸ்பிரிங்கே கிடையாது, முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார்தான். எஃப்-250 ஃபோர் வீல் டிரைவில் முன்னால் இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கெட்டியான ஆக்சில். இவற்றுக்குக் கிட்டே வேறு.

வீட்டிலேயே பூட்ட நினைத்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஸ்ட்ரட்டின் தலையில் சட்டத்தோடு பிடித்திருக்கும் சின்ன நட்டுகளைக் கழற்றலாம், நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது விடுபட்டால் உயிருக்கே ஆபத்து. நான் சொன்ன ஷாக்குக்கு ஸ்பிரிங்கைப் பிரித்தாக வேண்டும் என்பதால், அந்தப் பகுதியையாவது சுவரில் பொருத்திய நல்ல ஸ்பிரிங் கம்ப்ரெஸர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். கீழ் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.

வேலை முடிந்த அன்றே அலைன்மெண்ட். உயரம் மாறினால் டோவும் (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கேம்பரும் (டிரெய்லர் அல்ல, சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் அளவு) கட்டாயம் மாறும், காஸ்டரும் (ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். காஸ்டர் குறைந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும். "பார்க்க நேராத்தான் இருக்கு" என்று விட்டால் ஒரு கோடை முடிவதற்குள் டயரின் ஓரம் தின்றுவிடும். முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். 500 மைல் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

டயருக்கு வருவோம். உங்கள் வண்டியில் 275/65ஆர்18 இருந்தால் அதன் விட்டம் 32.1 அங்குலம். 275/70ஆர்18 என்றால் 33.2. ரிம்மை மாற்றாவிட்டால் இந்த அளவு பெரும்பாலும் உரசாமல் உட்காரும், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி ரிவர்ஸிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டர் 70 காட்டும்போது நிஜ வேகம் 72ஐத் தாண்டும், புது டயர் அளவை வண்டியின் கம்ப்யூட்டரில் பதியச் சொல்லுங்கள்.

கேம்பர் டிரெய்லரின் ஹிட்ச்சையும் மறுபடி அமைக்க வேண்டும். மூக்கு 1.5 அங்குலம் ஏறினால், பின் ஆக்சிலுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் ஹிட்ச் பந்து அரை அங்குலம் இறங்கும். டிரெய்லரின் எடையை முன் ஆக்சிலுக்கும் பகிரும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வைத்திருந்தால் முன் ஃபெண்டரின் பழைய அளவு இனி செல்லாது, புதிதாக அளந்து சங்கிலியையோ பாரையோ சரிசெய்யுங்கள். வைத்திருக்காவிட்டால், லெவலிங் கிட்டுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

பலரும் மறந்துபோவது ஹெட்லைட். உங்கள் வண்டியின் இரண்டு ஆக்சிலுக்கும் இடையே பெரும்பாலும் 145 அங்குலம் இருக்கும். முன்பக்கம் 1.5 ஏறினாலே 100 அடி தூரத்தில் வெளிச்சம் ஓரடிக்கு மேல் உயர்ந்துவிடும், அது எதிரே சின்னக் காரில் வருபவரின் கண்ணில்தான் விழும். கிட் போடுவதற்கு முந்தின இரவு, சுவரிலிருந்து 25 அடியில் வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தையும் ஒளியின் மேல் விளிம்பையும் டேப் ஒட்டிக் குறியுங்கள். இரண்டுக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று எழுதி வையுங்கள். வேலை முடிந்த இரவு அதே இடத்தில் நிறுத்தி, விளக்குக்குப் பின்னால் உள்ள திருகைத் திருப்பி அதே இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள். பத்து நிமிட வேலைதான்.