ஒருவீர் தோற்பினும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தை 2016இல் வெளியானபோதே பார்த்தேன். சென்ற வாரம் மீண்டும் பார்த்தேன். அன்று கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸின் பக்கம் நின்றவன் இன்று அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கின் பக்கம் சாய்ந்திருக்கிறேன். ஆனால் என் மனக்குறை வேறு. பேராற்றல் கொண்டவர்கள் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்ற கேள்வியோடு படம் தொடங்குகிறது. 117 நாடுகள் ஏற்ற உடன்படிக்கை மேசைமீது வைக்கப்படுகிறது. கடைசி அரைமணி நேரத்தில் அதெல்லாம் மறைந்து, பெற்றோரைக் கொன்றவனை மகன் பழிவாங்கத் துடிக்கும் பழைய கதையாகச் சுருங்கிவிடுகிறது. மூலமான காமிக்ஸ் கடைசிவரை அந்தக் கேள்வியை விடவில்லை. இது திரைக்கதையின் தோல்வி அல்லவா? உங்கள் பார்வையில் இருவரில் யார் சரி?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

முதல்முறை பார்த்து முடித்தபோது எனக்கும் இதே குறைதான் இருந்தது. பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டு அதற்கு விடை தேடும் பொறுப்பிலிருந்து படம் நழுவிக்கொண்டது என்றே நினைத்தேன். பின்னர் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்த எண்ணம் தளர்ந்துகொண்டே வந்து, இன்று நேர் எதிரான முடிவில் நிற்கிறேன். அரசியல் விவாதத்தைப் படம் பாதியில் கைவிடவில்லை. அதை முடித்துவிட்டுத்தான் இறுதிச் சண்டை நடக்கும் சைபீரியாவுக்குப் போகிறது.

உடன்படிக்கையிலிருந்தே தொடங்குகிறேன். நைஜீரியாவின் லாகோஸில் ரம்லோ என்ற எதிரி தன்னையே வெடிக்கச் செய்துகொள்கிறான். ஸ்டீவைக் காப்பாற்ற அவன் அணியைச் சேர்ந்த வாண்டா தன் ஆற்றலால் அந்த வெடிப்பை அடக்கி மேலே தூக்குகிறாள். ஆனால் அது பக்கத்துக் கட்டடத்தைத் தாக்கி, உதவிப் பணிக்காக வந்திருந்த வகாண்டா நாட்டினர் உள்ளிட்டோரைக் கொன்றுவிடுகிறது. இனி எங்கே போவது, எப்போது போவது என்பதை ஐக்கிய நாடுகள் சபையின் குழுவே தீர்மானிக்கும் என்கிறது அதன்பின் வரும் உடன்படிக்கை. டோனி அதை ஏற்கிறான். இவர்களின் முந்தைய போர் நடந்த சொகோவியாவில் மகனை இழந்த தாய் ஒருத்தி அந்த இளைஞனின் படத்தை டோனியின் நெஞ்சில் அழுத்திக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஸ்டீவ் அதை மறுக்கிறான். தான் நம்பிப் பணியாற்றிய ஷீல்ட் என்ற உளவு அமைப்புக்குள்ளேயே ஹைட்ரா என்ற எதிரி இயக்கம் வளர்ந்திருந்ததை 2014ஆம் ஆண்டுப் படத்தில் கண்ணால் கண்டவன் அவன். 2010இல் வந்த படத்தில் செனட் விசாரணையின் முன் உட்கார்ந்து, கவசத்தை அரசிடம் ஒப்படைக்க முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன டோனி இன்று கையொப்பம் இடுகிறான். ஆணைக்குக் கீழ்ப்படிந்து பழகிய படைவீரன் மறுக்கிறான். இருவரையும் இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது அவரவர் பட்ட அடி.

நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். கொள்கை என்ற அளவில் நான் டோனியின் பக்கம். லாகோஸில் இறந்தவர்களுக்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அந்தக் கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள், விசாரணை என்ற பேச்சே இல்லாமல் மறுத்தவர்களைக் கடலுக்கு நடுவே ஒரு சிறையில் அடைத்தபோது, ஸ்டீவின் அச்சம் வீண் அல்ல என்பதையும் அவர்களே காட்டிவிட்டார்கள். அந்தச் சிறைக்குள் நின்று அடைபட்ட நண்பர்களைப் பார்க்கும்போது டோனிக்கும் அது புரிகிறது.

இப்போது பெர்லின் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஸ்டீவின் பழைய நண்பனும், ஹைட்ராவால் மூளைச்சலவை செய்யப்பட்டுக் கொலையாளியாக்கப்பட்டவனுமான பக்கி, வியன்னாவில் நடந்த குண்டுவெடிப்பின் பழியைச் சுமந்து பிடிபட்ட பிறகு, கண்ணாடிச் சுவர்கள் சூழ்ந்த ஓர் அறையில் டோனியும் ஸ்டீவும் தனியாகப் பேசுகிறார்கள். 1941இல் நேச நாடுகளுக்கு ஆயுத உதவி அளிக்கும் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட பேனாக்களை டோனி எடுத்து வைக்கிறான். ஸ்டீவ் பேனாவைக் கையில் எடுக்கிறான். சில பாதுகாப்புகள் சேர்க்கப்பட்டால் கையொப்பம் இடலாம் என்கிற அளவுக்கு இறங்கியும் வருகிறான். வாண்டா வெளியே போக முடியாதபடி வைக்கப்பட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும்தான் பேனாவைத் திரும்ப வைக்கிறான். அந்த ஒரு செய்தி பத்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பேசித் தீர்க்கக்கூடிய பிணக்கு அது என்று படம் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லமுடியும்?

லைப்சிக் விமான நிலையச் சண்டை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பக்கத்துக்கு ஆறு பேராக மோதிக்கொள்ளும் அந்தக் காட்சி தேவைக்கு மேல் நீளம். இறந்துபோன ஓர் இளைஞனுக்காக உருகி உடன்படிக்கையை ஏற்ற டோனி, பள்ளி மாணவன் ஒருவனை அந்தக் களத்துக்கு அழைத்துவருவதைப் படம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கடந்துபோவது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எதிரெதிர் அணிகளில் நின்று அடித்துக்கொண்டே நட்டாஷாவும் கிளின்ட்டும், நாம் இன்னும் நண்பர்கள்தானே என்று கேட்டுக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் கொல்ல வரவில்லை. ஸ்டீவின் அணியிலுள்ள சாமைக் குறிவைத்து, டோனியின் அணியிலுள்ள விஷன் தொடுத்த கதிர் தவறி, டோனியின் நண்பன் ரோட்ஸ் மீது பட்டு, அவன் வானிலிருந்து கல்லைப்போல விழும்வரை அது உறவுக்காரர்கள் போடும் சண்டை மட்டுமே. தரையில் கிடக்கும் நண்பனை மடியில் ஏந்தியிருக்கும் டோனியிடம் சாம் வந்து மன்னிப்புக் கேட்கிறான். டோனி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி அவனைச் சுட்டு வீழ்த்துகிறான். நிறம் மாறுவது அந்த நொடியில்தான்.

அதன்பிறகு என்ன நடக்கிறது? வியன்னாக் குண்டுவெடிப்பு ஸெமோ என்பவனின் வேலை, பக்கியின் வேலை அல்ல என்று அறிந்த டோனி, தான் கையொப்பமிட்ட உடன்படிக்கையைத் தானே மீறி, யாருக்கும் சொல்லாமல் சைபீரியாவுக்கு வருகிறான். ஸ்டீவிடம் சமாதானம் பேசுகிறான். டோனி, ஸ்டீவ், பக்கி மூவரும் ஒன்றாக உள்ளே நடக்கிறார்கள். உங்கள் கடிதத்துக்கான விடை எனக்கு இங்கேதான் இருக்கிறது. சட்டத்தைப் பற்றிய வழக்கு இந்த நடையோடு தீர்ந்துவிட்டது. அங்கே காத்திருந்த ஸெமோ ஒரு பழைய ஒளிப்பதிவை ஓடவிடாமல் இருந்திருந்தால் அவர்கள் சேர்ந்தே வெளியே வந்திருப்பார்கள்.

ஒரு சின்னத் திரை. 1991 டிசம்பர் 16 என்ற தேதி. இரவுச் சாலையில் மோதி நிற்கும் ஒரு கார். அதில் வந்த டோனியின் பெற்றோரைக் கொல்லும் பக்கி. இயக்குநர்களான ரூஸோ சகோதரர்கள் நம்மைத் திரையை மட்டும் பார்க்கவிடாமல், டோனியின் முகத்துக்கு மீண்டும் மீண்டும் கொண்டுவருகிறார்கள். அவன் முதலில் பக்கியை நோக்கிப் பாய்கிறான், ஸ்டீவ் தடுக்கிறான். அப்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது: உனக்குத் தெரியுமா? அவன்தான் என்று தெரியாது என்கிறான் ஸ்டீவ். டோனி விடவில்லை, மீண்டும் கேட்கிறான். தெரியும் என்ற பதில் வருகிறது. அந்தக் கணம்வரை டோனியின் எதிரி பக்கி மட்டுமே. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகே ஸ்டீவும் எதிரியாகிறான். டோனியின் முதல் அடியும் அவன்மேல்தான் விழுகிறது.

ஆகவே இதைப் பழிவாங்கும் கதை என்று மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை. பழி பக்கியோடு நின்றிருக்கும். ஸ்டீவோடு நடக்கும் சண்டைக்குக் காரணம் ஒளித்துவைக்கப்பட்ட செய்தி. அந்த மரணங்களுக்குப் பின்னால் ஹைட்ரா இருந்தது என்பது 2014ஆம் ஆண்டுப் படத்திலேயே ஸ்டீவுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு இருவரும் சேர்ந்து போரிட்டார்கள், ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். அவன் சொல்லவில்லை. சண்டைக்கு நடுவே, பக்கியைக் கொல்வதால் நடந்தது மாறிவிடாது என்று ஸ்டீவ் சொல்லும்போது, டோனி தரும் பதிலில் தந்தை இல்லை. அவன் என் அம்மாவைக் கொன்றான் என்கிறான். படத்தின் தொடக்கத்தில் தன் நினைவிலிருந்து உயிர்ப்பித்துக் காட்டும் காட்சியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த அந்த அம்மா. உலகின் கண்முன் எப்போதும் சாமர்த்தியமாகப் பேசிக்கொண்டிருந்தவன், கடைசியில் ஒரு பிள்ளையின் வாக்கியத்தைப் பேசுகிறான்.

உங்களுக்குப் புறநானூற்றின் 45ஆம் பாட்டு நினைவிருக்கும். உறையூர்க் கோட்டைக்குள் அடைபட்டிருக்கிறான் நெடுங்கிள்ளி. வெளியே முற்றுகையிட்டு நிற்கிறான் நலங்கிள்ளி. இருவரும் சோழர். எதிரில் நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் அல்லன். உன் மாலையும் ஆத்தி, அவன் மாலையும் ஆத்தி என்று சொல்லும் கோவூர் கிழார், 'ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே' என்கிறார். இருவரும் வெல்வது இயற்கையில் இல்லை என்கிறார். இந்தப் பகை உங்களைப் போன்ற வேந்தர்களுக்கு உடல் பூரிக்கும் மகிழ்ச்சியைத் தரும் என்று முடிக்கிறார். ஸெமோவின் திட்டம் முழுவதும் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. சொகோவியாவில் தன் குடும்பத்தை இழந்த அந்த மனிதனுக்கு இவர்களை வெளியிலிருந்து வெல்லும் வலிமை இல்லை. இவர்களை இவர்களே தோற்கடிக்கச் செய்வதே அவன் வழி. அவன் கணக்கில் தற்செயல்கள் மிக அதிகம் என்ற குறையை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவன் நெஞ்சின் தருக்கத்தில் பிழை இல்லை.

அதே மலையில், அதே நேரத்தில் இன்னொரு மகனும் நிற்கிறான். வியன்னாக் குண்டுவெடிப்பில் தந்தையை மடியில் இழந்த வகாண்டா இளவரசன் டிசாலா, பக்கியைக் கொல்ல நாடு நாடாகத் துரத்தி வந்தவன். உண்மையைக் கேட்டதும் பனியில் உட்கார்ந்திருக்கும் ஸெமோவின் அருகே வந்து தன் கவச உடையின் நகங்களை உள்ளிழுத்துக்கொள்கிறான். ஸெமோ தன்னையே சுட்டுக்கொள்ளப் போகும்போது துப்பாக்கியின் வாயைக் கையால் மறைத்துக் குண்டைத் தடுக்கிறான். உள்ளே டோனி செய்யமுடியாததை வெளியே இவன் செய்கிறான். இவனை ஏமாற்றியது பகைவன். டோனியிடம் மறைத்தது நண்பன். அந்த வேறுபாடுதான் ஒருவனுக்கு அடக்கத்தையும் இன்னொருவனுக்கு வெறியையும் கொடுத்தது என்று எண்ணுகிறேன்.

காமிக்ஸைப் பற்றிச் சுருக்கமாக. மார்க் மில்லர் எழுதி ஸ்டீவ் மெக்நிவன் வரைந்து 2006, 2007இல் 7 இதழ்களாக வந்த கதையில், இறுதிச் சண்டையின்போது சாதாரண மக்களே கேப்டன் மீது பாய்ந்து பிடிக்கிறார்கள். சுற்றிலும் நேர்ந்த அழிவைப் பார்த்து அவன் சரணடைகிறான். நேர்மையான முடிவு. ஆனால் அங்கே தோற்பது ஒரு தரப்பு. படத்தில் கேடயம் மார்புக் கவசத்தைப் பிளந்து இறங்கும் முன், டோனி கைகளைத் தூக்கித் தன் முகத்தை மறைத்துக்கொள்கிறான். ஸ்டீவ் தன்னைக் கொல்லப்போகிறான் என்று ஒரு கணம் அவன் உண்மையாகவே நம்புகிறான். எந்த உடன்படிக்கையாலும் அந்தக் கணத்தை அழிக்கமுடியாது. கேடயம் உனக்கு உரியதல்ல, என் அப்பா செய்தது என்று அவன் சொல்லும்போது, டிசாலாவின் நகக்கீறல்கள் பதிந்த அந்தக் கேடயத்தை ஸ்டீவ் கீழே போட்டுவிட்டுப் போகிறான்.

கடைசியில் வரும் கடிதத்தில் ஸ்டீவ் ஒப்புக்கொள்கிறான்: சொல்லாமல் இருந்து உன்னைக் காப்பதாக நினைத்தேன், உண்மையில் என்னையே காத்துக்கொண்டேன் என்று. உண்மையான சொற்கள்தான், ஆனால் காலம் தப்பி வந்தவை. அடுத்த முறை பார்க்கும்போது பெர்லின் காட்சியில் பேனாக்களை விட்டுவிட்டு ஸ்டீவின் முகத்தைப் பாருங்கள். டோனி தன் பெற்றோரைப் பற்றிப் பேசுகிறான்; எத்தனை சண்டை வந்தாலும் அப்பாவும் அம்மாவும் எப்படியோ சேர்ந்து வாழ்ந்தார்கள் என்கிறான். ஹோவர்டு திருமணம் செய்துகொண்டதில் எனக்கு மகிழ்ச்சி, நான் அவரை இளைஞராக மட்டுமே அறிவேன் என்கிறான் ஸ்டீவ். அறையில் வேறு யாரும் இல்லை. டோனி கேட்கும் நிலையில் இருக்கிறான். ஸ்டீவ் பேச்சை மாற்றிவிடுகிறான்.

அன்புடன்