ஃபேன் ஓடியும் புகை போகவில்லையா?

கேள்வி: கும்பகோணத்தில் மெஸ் நடத்துகிறோம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் புகை சாப்பாட்டுக் கூடத்துக்கு வருகிறது. பெரிய ஃபேன் போடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஃபேன் ஓடும்போது கொல்லைக் கதவைத் திறந்து பாருங்கள். புகை சட்டென்று மேலேறினால், உள்ளே காற்று வர வழியில்லாததுதான் குறை. ஃபேன் வெளியேற்றும் காற்றின் அளவில் 80 முதல் 90 சதவீதம் வெளியிலிருந்து உள்ளே வரட்டும். மிச்சம் கூடத்திலிருந்து வந்தால் தாளிப்பு நெடி அங்கே போகாது. ஹூட் (அடுப்புக்கு மேலே புகையைப் பிடிக்கும் கூண்டு) அடுப்பைவிடச் சுற்றிலும் 15 செ.மீ. நீண்டிருக்கட்டும்.

ஹூட்டில் கம்பிவலை ஃபில்டர் இருந்தால் இன்றே கழற்றி, பேஃபிள் ஃபில்டர் (வளைந்த தகடுகளால் எண்ணெயைப் பிரிப்பது) மாட்டுங்கள். கம்பிவலையில் எண்ணெய் அடைத்துத் தீப்பிடிக்கும். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 96 என்ற சமையலறைத் தீப்பாதுகாப்புத் தரநிலை பேஃபிள் ஃபில்டரைக் கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்குக் குறையாத சாய்வில் வைக்கச் சொல்கிறது. புகைக்குழாய் 1.37 மி.மீ. இரும்புத் தகடு, மூட்டெல்லாம் முழு வெல்டிங். கொல்லையில் கீற்றுக் கொட்டகை இருந்தால் குழாயிலிருந்து 46 செ.மீ.யாவது தள்ளியிருக்க வேண்டும். இன்னும் தள்ளினால் நல்லது.