ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் விண்டோஸ் கணினியில் சத்தம் வரவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது. ஏன்?

ஸ்பீக்கர் பழுதாகியிருந்தால் ரீஸ்டார்ட் செய்தாலும் சத்தம் வராது. ஸ்லீப்பில் ஆடியோ சிப்புக்கான மின்சாரம் குறைக்கப்படுகிறது. விழித்ததும் டிரைவர் (விண்டோஸ் அந்தச் சிப்பை இயக்க உதவும் மென்பொருள்) அதை மறுபடி முதலிலிருந்து தயார்செய்ய வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் சிக்குகிறது.

முதலில் டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் ஐகானைச் சொடுக்கி, ஒலி எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்று பாருங்கள். ஹெச்டிஎம்ஐயில் மானிட்டர் இணைத்திருந்தால், விழிக்கும்போது அதுவே தேர்வாகியிருக்கலாம்.

அது சரியாக இருந்தால், ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயிண்ட் பில்டர்' மீது வலது சொடுக்கி ரீஸ்டார்ட் கொடுங்கள். அதைச் சார்ந்த 'விண்டோஸ் ஆடியோ'வும் சேர்ந்தே மறுதொடக்கமாகும். பாட்டு ஓடிக்கொண்டிருந்த செயலியை மூடித் திறக்கவும். அப்படியும் வராவிட்டால், டிவைஸ் மேனேஜரில் ஆடியோ சாதனத்தை டிஸேபிள் செய்து, சில நொடிகள் கழித்து எனேபிள் செய்யுங்கள். இதில் சத்தம் திரும்பினால் குற்றவாளி டிரைவர்தான்.

நிரந்தரத் தீர்வு: கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை நிறுவுங்கள். பொதுவான டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். தவறான பதிப்பைப் போட்டுவிடக்கூடும். புதிய டிரைவருக்குப் பின்தான் தொல்லை தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பிராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' (பழைய டிரைவருக்குத் திரும்புதல்) போதும்.

யூஎஸ்பி ஹெட்செட்டில் மட்டும் இப்படி என்றால், டிவைஸ் மேனேஜரில் 'யூஎஸ்பி ரூட் ஹப்' பிராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் சேமிக்கச் சாதனத்தை அணைக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

ஷட்டவுன் செய்து பார்த்தும் சரியாகவில்லையே என்று குழம்ப வேண்டாம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' (கணினியை வேகமாகத் தொடங்கவைக்கும் விண்டோஸ் வசதி) இயங்கினால் ஷட்டவுனில் டிரைவரின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்ப ஏற்றப்படும். ரீஸ்டார்ட்தான் முழுத் தொடக்கம்.